டெக்சாஸ் ரூரல் கவுண்டில பழைய டிக்கெட்டுக்கு வாரண்ட் இருக்கான்னு எப்படி பாக்கறது, எப்படி முடிக்கறது

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். மூணு வருஷம் முன்னாடி ஆஸ்டின்ல இருந்து பிக் பெண்ட் போற வழியில, மேற்கு டெக்சாஸ்ல ஒரு சின்ன கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஸ்பீடிங் டிக்கெட் வாங்கியிருக்கீங்க, அப்புறம் வேலை மாறி வீடு மாறி அது சுத்தமா மறந்து போச்சு, இப்ப எச்1பி எக்ஸ்டென்ஷன் வந்ததும் லைசென்ஸ் ரென்யூ பண்ண டிபிஎஸ் (டெக்சாஸ்ல லைசென்ஸ் குடுக்கற துறை) ஆபீஸ் போனா ஹோல்ட் (ரென்யூவலுக்கு போட்ட தடை) இருக்கு, கோர்ட்ல பேசுங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கூட வேலை பாக்கறவர் "அப்ப உங்க பேர்ல பெஞ்ச் வாரண்ட், அதாவது கோர்ட் போட்ட கைது ஆர்டர், இருக்கும், அந்தப் பக்கமே போயிடாதீங்க"ன்னு பயமுறுத்தி விட்டுட்டார். நீங்க எழுதின கேள்வி "வாரண்ட் இருக்கான்னு ஆன்லைன்ல எங்க பாக்கறது"ன்னு தான். ஆனா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராம பண்றது அது இல்ல, நேர்ல போனா பிடிச்சு உள்ள வெச்சுடுவாங்களா, டிசம்பர்ல சென்னை போய் விசா ஸ்டாம்பிங் முடிச்சுட்டு திரும்பி வர முடியுமா, அது தானே. எல்லாத்துக்கும் சேர்த்தே எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் வக்கீல் இல்ல. டெக்சாஸ்ல ஒரு கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீல் ஆபீஸ்ல பல வருஷமா பாராலீகல், ரூரல் கோர்ட் கிளர்க்குங்களோட போன்ல பேசறது தான் பாதி வேலையே. அதனால இங்க இருக்கறது டெக்சாஸ் நடைமுறை மட்டும், வேற ஸ்டேட்ல டிக்கெட் வாங்கினவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க. இமிக்ரேஷன் பத்தி அடிப்படையா உறுதியா தெரிஞ்சதை மட்டும் சொல்றேன், அதுக்கு மேல உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட தான் கேக்கணும்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். ஹோல்ட் வேற, வாரண்ட் வேற. டெக்சாஸ்ல ஒருத்தர் டிக்கெட்டுக்கு பதில் சொல்லாம விட்டா கோர்ட் அதை டிபிஎஸ்க்கு ரிப்போர்ட் பண்ணலாம், அப்படி பண்ணினா கேஸ் முடியற வரைக்கும் லைசென்ஸ் ரென்யூ ஆகாது. அதுக்கு ஒரு ஸ்டேட் வெப்சைட்டே இருக்கு, லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டா எந்த கோர்ட், எந்த கேஸ், என்ன போன் நம்பர்னு வந்துடும். உங்க கேள்விக்கு முதல் பதில் அது தான், இன்னைக்கே பாருங்க. ஆனா அதுல ஹோல்ட் தான் தெரியும், வாரண்ட் தெரியாது. ஹோல்ட் போட்ட கோர்ட் வாரண்டும் போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம். சில ஜட்ஜ் ரெண்டும் சேர்த்தே பண்ணுவாங்க, சிலர் ஹோல்டோட விட்டுடுவாங்க, வாரண்டை சர்வ் பண்ண ஆள் இல்லாத கவுண்டிங்க நிறைய. சிட்டிசன்ஸ் இதை வருஷக்கணக்கா தெரியாமலே ஓட்டிட்டு இருப்பாங்க, விசால இருக்கறவங்களுக்கு லைசென்ஸ் ஐ-94 (அமெரிக்கால தங்க அனுமதி) தேதி வரைக்கும் தான் தராங்க, அதான் நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு மூணு வருஷத்துலயே தெரிஞ்சுடுது. ஒரு விதத்துல நல்லது, ரோட்ல ராத்திரி நிறுத்தி சொல்றதுக்கு பதிலா கவுண்டர்ல சொல்லியிருக்காங்க.

இனி எந்த கோர்ட்ங்கறது. டெக்சாஸ்ல 254 கவுண்டி, பல கவுண்டிங்க பிரிசிங்க்ட்னு சின்ன சின்ன பகுதியா பிரிஞ்சிருக்கும், ஊருக்கு வெளிய ஹைவேல போட்ட டிக்கெட் அந்த பிரிசிங்க்டோட ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டுக்கு போகும், எல்லாரும் ஜேபி கோர்ட்னு தான் சொல்வாங்க. ஊருக்குள்ள சிட்டி போலீஸ் போட்டிருந்தா முனிசிபல் கோர்ட். பலர் தப்பு பண்றது இங்க தான், கவுண்டி சீட்ல (கவுண்டியோட தலைமை ஊர்) இருக்கற கவுண்டி கிளர்க்கை கூப்பிட்டு பேர் சொல்லி தேட சொல்றது, அவங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னதும் நிம்மதியா விட்டுடறது. கவுண்டி கிளர்க்கிட்ட இருக்கறது கிளாஸ் ஏ, கிளாஸ் பி மிஸ்டிமீனர் (ஜெயில் வரைக்கும் போகக்கூடிய சின்ன குற்றம்), டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிட்ட இருக்கறது ஃபெலனி (பெரிய குற்றம்). ஸ்பீடிங் கிளாஸ் சி (ஃபைன் மட்டும் உள்ளது), அது அந்த குறிப்பிட்ட பிரிசிங்க்ட் ஜேபிகிட்ட மட்டும் தான் இருக்கும், பல இடத்துல அந்த ரெக்கார்ட் எந்த பொது வெப்சைட்லயும் ஏறவே ஏறாது. பிரூஸ்டர் கவுண்டி மாதிரி இடத்துல கவுண்டி சீட் ஆல்பைன்ல இருந்து டெர்லிங்குவா போகவே கிட்டத்தட்ட 80 மைல், அதனால கவுண்டி பேர் மட்டும் தெரிஞ்சா பத்தாது. பழைய டிக்கெட் பேப்பர் கிடைச்சா அதுல பிரிசிங்க்ட் நம்பர் இருக்கும், இல்லன்னா அந்த ஹோல்ட் வெப்சைட் காட்டற கோர்ட்.

ஜேபி ஆபீஸ்னா ஒரு ஜட்ஜ், ஒரு கிளர்க், அவ்வளவு தான். கிளர்க் லஞ்சுக்கு போனா ஆபீஸ் மூடியிருக்கும். மெடிக்கல் எக்ஸாமினர் இல்லாத ரூரல் கவுண்டில ஹைவேல யாராவது இறந்துட்டா இன்க்வெஸ்ட் (மரண விசாரணை) பண்ண போக வேண்டியதும் இதே ஜேபி தான், அதனால ஜட்ஜ் இல்லைன்னா உண்மையிலயே இல்ல, உங்களை தட்டிக்கழிக்கறாங்கன்னு நினைச்சுக்காதீங்க. ஜேபி ஆகறதுக்கு வக்கீலா இருக்கணும்னு சட்டம் இல்ல, ஜனங்க ஓட்டு போட்டு வந்தவங்க. மரியாதையா, பொறுமையா, கேஸ் நம்பரை கையில வெச்சுகிட்டு பேசறவங்களுக்கு அந்த கிளர்க்குங்க செய்யற உதவி பெரிய சிட்டி கோர்ட்ல கிடைக்கவே கிடைக்காது.

போன்ல என்ன கேக்கணும்ங்கறதும் முக்கியம். "பெஞ்ச் வாரண்ட் இருக்கா"ன்னு கேக்காதீங்க, டெக்சாஸ்ல அந்த பேரை பெரும்பாலும் ஜெயில்ல இருக்கறவரை கோர்ட்டுக்கு கூட்டிட்டு வர ஆர்டருக்கு தான் சொல்வாங்க. இப்படி கேளுங்க, என் கேஸோட ஸ்டேட்டஸ் என்ன, அலயஸ் வாரண்ட் இருக்கா இல்ல கேப்பியஸ் ப்ரோ ஃபைன் இருக்கா, ஃபெயிலியர் டு அப்பியர்னு (கோர்ட்டுக்கு வராததுக்கு) தனியா இன்னொரு கேஸ் போட்டிருக்கா, கலெக்‌ஷனுக்கு அனுப்பியிருக்கா. இதுல முதல் ரெண்டுக்கும் இருக்கற வித்தியாசம் தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். அலயஸ் வாரண்ட்னா நீங்க இன்னும் பதிலே சொல்லல, கேஸ் அப்படியே திறந்திருக்கு, எல்லா உரிமையும் உங்களுக்கு இன்னும் இருக்கு. கேப்பியஸ் ப்ரோ ஃபைன்னா தீர்ப்பு ஆயிடுச்சு, ஃபைன் கட்டல, அதை வசூலிக்கறதுக்கான வாரண்ட். உங்க விஷயத்துல நீங்க ஒரு தடவை கூட கோர்ட்டுக்கு பதில் சொல்லாததால அலயஸா தான் இருக்கும்னு நினைக்கறேன், கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

நேர்ல போனா பிடிப்பாங்களாங்கறதுக்கு வரேன். 2017-ல டெக்சாஸ்ல சட்டத்தை மாத்தினாங்க. கிளாஸ் சி கேஸ்ல அப்பியர் ஆகாததுக்காக போட்ட வாரண்ட் இருந்தா, அது எக்சிக்யூட் ஆகறதுக்கு (அதை வெச்சு உங்களை பிடிக்கறதுக்கு) முன்னாடி நீங்களா கோர்ட்டுக்கு வந்து அந்த வாரண்டை தீர்க்க நல்லெண்ணத்தோட முயற்சி பண்ணினா, ஜட்ஜ் அதை ரீகால் பண்ணியே, அதாவது திரும்ப எடுத்தே ஆகணும். "பண்ணலாம்" இல்ல, "பண்ணணும்". கேப்பியஸ் ப்ரோ ஃபைனுக்கும் இதே மாதிரி இருக்கு, கட்ட வேண்டியதை ஏதாவது ஒரு வழியில தீர்த்தா ரீகால். அதே திருத்தத்துல வாரண்ட் போடறதுக்கு முன்னாடி போன்லயோ தபால்லயோ நோட்டீஸ் குடுக்கணும்னும் இருக்கு. இதெல்லாம் கிரிமினல் ப்ரொசீஜர் கோட்ல 45-ஆவது அத்தியாயத்துல இருந்தது, 2025 ஜனவரி 1-ல இருந்து 45ஏ-ன்னு நம்பர் மாத்தி எழுதியிருக்காங்க, பழைய கட்டுரைகள்ல பழைய நம்பர் இருந்தா குழம்பாதீங்க. உங்க நோட்டீஸ் பழைய வீட்டுக்கு போயிருக்கும், அதை சொல்லுங்க, ஆனா வாரண்டே செல்லாதுன்னு வாதம் பண்ண வேண்டாம், டிக்கெட்ல நீங்க குடுத்த அட்ரஸுக்கு அனுப்பினா அவங்க கடமை முடிஞ்சுது.

"கோர்ட்டுக்கு வந்து"ங்கறதை கவனிங்க. ஷெரிஃப் ஆபீஸ் கவுண்டருக்கு ஐடியை எடுத்துட்டு போய் "என் பேர்ல வாரண்ட் இருக்கான்னு பாருங்க"ன்னு கேக்கறது வேற விஷயம், அங்க இருக்கறவங்களுக்கு வாரண்டை எக்சிக்யூட் பண்றது தான் வேலை, ரீகால் பண்ற அதிகாரம் கிடையாது. ரோட்ல பிடிச்சாலும் இதே கதை தான். பிப்ரவரி மார்ச் மாசத்துல டெக்சாஸ் முழுக்க நிறைய ஏஜென்சி சேர்ந்து வாரண்ட் ரவுண்டப் நடத்துவாங்க, அந்த சமயத்துல பழைய டிக்கெட் வாரண்டுக்கும் ஆளை தேடுவாங்க, அதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. அப்படியே ஒருவேளை டாலஸ்லயோ ஹூஸ்டன்லயோ பிடிச்சுட்டா மேற்கு டெக்சாஸ் வரைக்கும் வேன்ல கூட்டிட்டு போவாங்கன்னு பயப்படாதீங்க. வேற கவுண்டி வாரண்டா இருந்தா பிடிச்ச ஊர்லயே 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், ஃபைன் மட்டும் உள்ள கேஸ்னா அந்த மாஜிஸ்ட்ரேட்டே பெயில் எடுக்கலாம், ப்ளீ (குற்றச்சாட்டுக்கு நீங்க சொல்ற பதில்) எடுத்து ஃபைனையும் முடிக்கலாம். ஆனா ஒரு ராத்திரி ஜெயில்ல இருந்துட்டீங்கன்னா "அரெஸ்ட் ஆனீங்களா"ங்கற கேள்விக்கு வாழ்நாள் முழுக்க பதில் மாறிடும், நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணமே அது தான்.

அடுத்தது பணம். பயத்துல பலர் உடனே பண்றது, கிளர்க் சொன்ன தொகையை கார்டுல கட்டி போனை வைக்கறது. வாரண்ட் போயிடும், ஹோல்டும் போயிடும், உண்மை தான். ஆனா டெக்சாஸ் சட்டப்படி ஃபைனை முழுசா கட்டறதே நோ கான்டெஸ்ட் (குற்றச்சாட்டை எதிர்க்கல) ப்ளீ பண்ணினதுக்கு சமம், அதாவது கன்விக்‌ஷன். உங்க டிரைவிங் ரெக்கார்ட்ல ஏறும், இன்ஷூரன்ஸ் கூடும். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, டெஃபர்ட் டிஸ்போசிஷன், ஜட்ஜ் சொல்ற காலம் வரைக்கும் புது டிக்கெட் இல்லாம இருந்தா கேஸ் டிஸ்மிஸ் ஆகும். ரெண்டாவது டிரைவிங் சேஃப்டி கோர்ஸ், இதை உரிமையா கேக்கற தேதி உங்களுக்கு தாண்டிடுச்சு, ஆனா ஜட்ஜ் விரும்பினா இப்பவும் அனுமதிக்கலாம். லிமிட்டை விட 25 மைலோ அதுக்கு மேலயோ, இல்ல 95-ஐ தொட்டு ஓட்டியிருந்தா கோர்ஸ் கிடையாது, அந்தப் பக்கம் ஐ-10-ல லிமிட்டே 80ங்கறதால 95ங்கறது சுலபமா நடந்துடும், டிக்கெட்டை பாருங்க. இது ரெண்டும் குடுக்கறது ஜட்ஜோட விருப்பம், கிடைக்கும்னு நான் உறுதி குடுக்க முடியாது. ஆனா நல்ல ரெக்கார்டோட வந்து மரியாதையா கேட்டவங்களுக்கு கிடைச்சு நான் நிறைய பாத்திருக்கேன்.

தொகை எப்படி ஏறுதுன்னும் தெரிஞ்சுக்குங்க. சாதாரண ஸ்பீடிங் ஃபைன் அதிகபட்சம் 200 டாலர், அதுக்கு மேல கோர்ட் காஸ்ட் நூறு டாலருக்கு மேல வரும். ஃபெயிலியர் டு அப்பியர்னு தனி கேஸ் போட்டிருந்தா அதுக்கு 500 டாலர் வரைக்கும் ஃபைன், தனி கோர்ட் காஸ்ட். ரிப்போர்ட் பண்ணின ஒவ்வொரு கேஸுக்கும் 10 டாலர் ஹோல்ட் கட்டணம், 2020-க்கு முன்னாடி அது 30 ஆ இருந்தது. அறுபது நாளுக்கு மேல நிலுவையா இருந்து கலெக்‌ஷன் கம்பெனிக்கு போயிருந்தா 30 சதவீதம் கூட சேரும். அதனால தான் முன்னூறு டாலர்ல முடிஞ்சிருக்க வேண்டியது ஆயிரத்தை தாண்டி நிக்கறது. அந்த தனி கேஸை டிஸ்மிஸ் பண்ணுங்கன்னு கேக்கலாம், ஜேபி கோர்ட்ல அரசு தரப்பு கவுண்டி அட்டார்னி, அவர் சரின்னா பெரும்பாலும் நடக்கும். ஸ்பீடிங்குக்கு வாரண்ட் போடணும்னா வெறும் டிக்கெட் பத்தாது, சத்தியப் பிரமாணத்தோட கம்ப்ளைன்ட்னு ஒரு பேப்பர் ஃபைல்ல இருக்கணும், கிளாஸ் சிக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள அதை போட்டிருக்கணும். வக்கீல் வெச்சா முதல்ல தேடறது அந்த பேப்பரை தான், சின்ன ஆபீஸ்ல அது இல்லாம போறதும் உண்டு. வக்கீலே பாண்ட் (ஜாமீன்) போட்டு நீங்க போகாமலே வாரண்டை எடுக்க வைக்கறதும் டெக்சாஸ்ல சாதாரணம். அந்த ஊர் பக்கத்து வக்கீலா பாத்து வைங்க, ஆஸ்டின்ல இருந்து வர்றவரை விட அந்த ஜட்ஜை தினமும் பாக்கறவர் மேல்.

இதை படிக்கற ஸ்டூடண்ட்ஸ் யாராவது பணம் இல்லாம தள்ளி போட்டிருந்தா, கட்ட முடியலன்னு வாய்விட்டு சொல்லுங்க, அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்ல. 1971-ல டேட் எதிர் ஷார்ட்னு ஹூஸ்டன்ல இருந்து சுப்ரீம் கோர்ட் போன கேஸ், 425 டாலர் டிராஃபிக் ஃபைன் கட்ட முடியாதவரை நாளுக்கு 5 டாலர் கணக்குல 85 நாள் உள்ள இருந்து கழிக்கணும்னு அனுப்பினாங்க, பணம் இல்லங்கற ஒரே காரணத்துக்காக ஃபைனை ஜெயிலா மாத்தக்கூடாதுன்னு கோர்ட் சொல்லிச்சு. இப்ப ஜட்ஜே உங்க வசதியை விசாரிக்கணும், தவணை, கம்யூனிட்டி சர்வீஸ், தள்ளுபடி எல்லாம் சட்டத்துல இருக்கு. கேக்காம விட்டா தான் கிடைக்காது.

இமிக்ரேஷன். டிஎஸ்-160-ல (விசா விண்ணப்ப ஃபாரம்) கேக்கறது அரெஸ்ட் இல்ல கன்விக்‌ஷன் பத்தி. ஐ-485-ல (கிரீன் கார்டு விண்ணப்ப ஃபாரம்) இன்னும் விரிவா, எப்பவாவது சைட் பண்ணியிருக்காங்களான்னும் கேக்கறாங்க, டிக்கெட்டும் அதுல அடங்கும். சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டால விசா போகாது. திறந்து கிடக்கற வாரண்ட் ஏர்போர்ட்ல தெரியுமாங்கறது தான் சந்தேகமான இடம். கிளாஸ் சி வாரண்டை என்சிஐசிங்கற நாடு தழுவின லிஸ்ட்ல ஏத்தறதை நான் பாத்ததில்ல, ஸ்டேட் அளவுல தான் இருக்கும், ஆனா எதை ஏத்தறதுன்னு தீர்மானிக்கறது அந்தந்த ஏஜென்சி, நீங்க இறங்கறதும் டெக்சாஸ் ஏர்போர்ட்ல தான். அதனால டிசம்பருக்கு முன்னாடி முடிச்சுட்டு போங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

ஒரு எச்சரிக்கை, உங்களுக்கு இல்ல, இதே மாதிரி வாரண்டோட இருக்கற வேற யாருக்காவது. டெக்சாஸ்ல 100 டாலருக்கு கீழ திருட்டும் கிளாஸ் சி தான், செல்ஃப் செக்கவுட்ல ஒரு பொருள் ஸ்கேன் ஆகலன்னு டிக்கெட் வாங்கினவங்க இருக்காங்க. அதை தயவுசெஞ்சு ஸ்பீடிங் மாதிரி போன்ல கட்டி முடிச்சுடாதீங்க. இமிக்ரேஷன் சட்டத்துக்கு திருட்டு வேற வகை குற்றம், ப்ளீ குடுத்து வாங்கற டெஃபர்ட், டெக்சாஸ்ல டிஸ்மிஸ் ஆனாலும் அங்க கன்விக்‌ஷனா எண்ணப்படலாம். இமிக்ரேஷன் வக்கீல் பேசி முடிக்கற வரைக்கும் எந்த ப்ளீயும் குடுக்காதீங்க. கிளாஸ் பி அல்லது அதுக்கு மேல, டிடபிள்யூஐ (போதையில வண்டி ஓட்டறது) மாதிரி கேஸ்ல அப்பியர் ஆகாம விட்டிருந்தாலும் நான் மேல சொன்ன ரீகால் பாதுகாப்பு கிடையாது, அப்பியர் ஆகாததே கிளாஸ் ஏ குற்றம், ஃபெலனியா இருந்தா அதுவும் ஃபெலனி, வக்கீல் இல்லாம கோர்ட் பக்கம் போகக்கூடாது.

போலி போன் கால் பத்தியும் சொல்லணும். ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து பேசறோம், வாரண்ட் இருக்கு, இப்பவே கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லுங்கன்னு வந்தா அது ஏமாத்து வேலை, எந்த கோர்ட்டும் கிஃப்ட் கார்டுலயோ பிட்காயின்லயோ ஃபைன் வாங்கறதில்ல. வெச்சுட்டு, நீங்களா தேடி எடுத்த கோர்ட் நம்பருக்கு கூப்பிடுங்க.

கேஸ் முடிஞ்சதும் வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, சின்ன கவுண்டில இது தான் ரொம்ப ஆபத்தான இடம். 2004 ஜூலைல அலபாமால காஃபி கவுண்டி ஷெரிஃப் ஆபீஸுக்கு ஹெரிங்னு ஒருத்தர் பிடிச்சு வெச்ச தன்னோட வண்டில இருந்து ஒரு பொருள் எடுக்க போனார். அங்க ஒரு அதிகாரி பக்கத்து டேல் கவுண்டிக்கு போன் போட்டு கேக்க சொன்னார், அப்பியர் ஆகாததுக்கு வாரண்ட் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சு, அரெஸ்ட் பண்ணினாங்க. கொஞ்ச நேரத்துல பேப்பரை தேடினா அந்த வாரண்ட் அஞ்சு மாசம் முன்னாடியே ரீகால் ஆனது, யாரும் கம்ப்யூட்டர்ல மாத்தல. அந்த சோதனையில அவர்கிட்ட கிடைச்ச போதைப்பொருளும் துப்பாக்கியும் சாட்சியா செல்லும்னு 2009-ல சுப்ரீம் கோர்ட் 5-4-ல சொல்லிடுச்சு. அதாவது ஒரு ஆபீஸோட அசிரத்தைக்கு விலை குடுக்கறது நீங்க தான். அதனால கிளர்க்கிட்ட ரீகால் ஆர்டர், டிஸ்போசிஷன் (கேஸ் எப்படி முடிஞ்சுதுங்கற பேப்பர்) ரெண்டுக்கும் சர்டிஃபைட் காப்பி காசு குடுத்து வாங்குங்க, ஒண்ணு கார்ல, ஒண்ணு இமிக்ரேஷன் ஃபைல்ல. ஷெரிஃப் ஆபீஸுக்கு ரீகால் போயிடுச்சான்னு ஒரு வாரம் கழிச்சு அதே கிளர்க்கை கூப்பிட்டு கேளுங்க. ஹோல்ட் கிளியர் ஆனதை கோர்ட் தான் அனுப்பணும், டிபிஎஸ்ல தெரிய சில நாள் ஆகும், அந்த வெப்சைட்ல உங்க பேர் போனதை பாத்துட்டு அப்புறம் ரென்யூவலுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. அதுவரைக்கும் லைசென்ஸ் தேதி முடிஞ்சிருந்தா வண்டி எடுக்காதீங்க. ரென்யூ பண்ணும்போதே புது அட்ரஸை குடுத்துடுங்க, வீடு மாறினா 30 நாளுக்குள்ள டிபிஎஸ்க்கு சொல்லணும், 10 நாளுக்குள்ள இமிக்ரேஷனுக்கு ஏஆர்-11 (அட்ரஸ் மாற்ற ஃபாரம்) போட்டது அங்க போய் சேராது, ரெண்டும் தனித்தனி.